சிங்கமீனுக்கும் பத்துப் பொருத்தம்

நீல மீன் மறுபடியும் மாப்பிள்ளையின் வாலைக் கடித்தது.

"லீலா! அந்த ரவுடி திரும்ப ஆரம்பிச்சுட்டான்!" என்று கத்தினார் செல்லக்கண்ணு.

மாப்பிள்ளை என்பது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன். பாறைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த இன்னொரு கோமாளி மீன், பெண். கடையில் பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டிய நேரத்தையே பிறந்த நேரமாக எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நட்சத்திரம் குறித்து, முகூர்த்தம் பார்த்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியவர் செல்லக்கண்ணு. நீல மீனை அழகுக்காகச் சேர்த்தார்.

"எல்லாமே மீன ராசிதானே? அதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்?" என்றாள் அவர் மனைவி லீலா, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய திருமணத் தகவல் நிலையம். வாசல் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் 'பொருத்த மாமணி' என்று போட்டிருக்கும். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டால், "மக்கள்" என்பார். பலகைக்கு எழுதிக் கொடுத்தது மட்டும் அவர்.

அந்த மக்கள் இப்போது மாடி ஏறுவதில்லை. கைபேசியில் ஏதோ ஓர் ஆப்பைத் திறந்து, வேண்டாத முகத்தை இடப்பக்கமும் வேண்டிய முகத்தை வலப்பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லீலாவின் சொந்த அண்ணன் மகனே அப்படித் தள்ளித்தான் கல்யாணம் செய்துகொண்டான். அந்த விருந்தில் செல்லக்கண்ணு பிரியாணியைக்கூடத் தொடவில்லை.

"ஆப்புக்கு முன்னாடி நான் தலை குனியறதா? நல்ல தண்ணி மீனை யார் வேணும்னாலும் வளர்க்கலாம். கடல் மீன்தான் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாதாம். நான் ஒத்துப்போக வெச்சுக் காட்டறேன். வர்றவங்க தொட்டியைப் பார்க்கட்டும், அப்புறம் என் தொழிலைப் பேசட்டும்" என்று முழங்கி, ஆபீஸில் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

லீலா ஒன்றே ஒன்று சொன்னாள். "சனிக்கிழமை வர்ற பார்ட்டிதான் கடைசி. அதுவும் கை நழுவிடுச்சுன்னா இந்த இடத்தைக் காலி பண்ணிட்டு வீட்ல உட்காரணும். சரியா?"

"நழுவாது."

நழுவாது என்று அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஜூரோங்கிலிருந்து சிவானி என்ற பெண் தானாகவே அழைத்திருந்தாள். "அங்கிள், நானும் ஷங்கரும் ஒரே ஆபீஸ். ரெண்டு வீட்லயும் பேசிட்டோம். உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்னு சொல்றாங்க. ஆனா ஒரு விஷயம், இதுல பொண்ணு வந்து—"

"ஒண்ணும் சொல்லாதம்மா! ஜாதகத்தோட நேர்ல வாங்க. ஆளைப் பார்த்ததும் மத்ததை நானே சொல்லுவேன். அதுக்குத்தான் பட்டம் கொடுத்திருக்காங்க."

சிவானிக்கு அப்பா இல்லை. ஷங்கருக்கு அம்மா இல்லை. செல்லக்கண்ணுவுக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. சம்பந்தி சண்டை போட ஆள் பாதியாகக் குறைந்துவிட்டதே!

ஆக, சனிக்கிழமைக்குள் தொட்டியில் சமாதானம் வந்தாக வேண்டும்.

முதலில் வாஸ்துவில் கை வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாறைகளையெல்லாம் ஈசான மூலையிலிருந்து கன்னி மூலைக்கு மாற்றினார். தண்ணீர் தெளிந்தபோது புது மணத் தம்பதிக்கு ஒளிந்துகொள்ள இருந்த ஒரே பொந்தும் போயிருந்தது. நீல மீன் தொட்டி முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டதுபோல் வலம் வந்தது.

"இப்ப வீடும் போச்சா அதுங்களுக்கு?" என்றாள் லீலா.

"சும்மா இரு. இவன் கோபத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? தனிக்கட்டை! காலா காலத்துல ஒரு துணை அமைஞ்சா அடங்கிடுவான்."

பூன் லேயில் ரமீஸின் வளர்ப்பு மீன்கடைக்கு ஓடினார். இன்னொரு நீல மீனைக் காட்டி, "இதான் பொண்ணு. கட்டு" என்றார்.

"அண்ணே, இந்த ஜாதி ஒரே தொட்டியில ரெண்டு இருந்தா—" என்று ரமீஸ் ஆரம்பித்தான்.

"சொல்லாதே தம்பி. முகத்தைப் பார்த்தே நான் சொல்லிடுவேன்."

"மீன் முகத்தையா?"

"என் தொழிலே முகம்தான்."

"சரி லா, உங்க இஷ்டம்" என்று ரமீஸ் பையைக் கட்டினான். வியாபாரி எவ்வளவுதான் வாதாடுவான்?

புதுப் பெண் தொட்டியில் விழுந்ததும் நீல மீன்கள் இரண்டும் முதலில் ஒன்றையொன்று துரத்தின. துரத்திக் களைத்தபோது இரண்டும் சேர்ந்து கோமாளி மாப்பிள்ளையைத் துரத்தின.

"பரவாயில்லையே. ஒத்துமை வந்துடுச்சு" என்றாள் லீலா.

செல்லக்கண்ணு அசரவில்லை. குடும்பத்தில் தகராறு என்றால் என்ன செய்வோம்? ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்போம். மறுபடியும் பூன் லே. கடைக்கோடித் தொட்டியில், உடம்பெங்கும் கோடுகளும் விசிறி விசிறியாகத் துடுப்புகளுமாக, ஜரிகை அங்கவஸ்திரம் போர்த்திய நாட்டாண்மை போல ஒரு சிங்கமீன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆகா! என்ன கம்பீரம்! இவர்தான்."

"அண்ணே, இதையாவது கேளுங்க. வாய்க்குள்ள அடங்கற எதையும் இது—"

"அடக்கணும்னுதான்பா கூட்டிட்டுப் போறேன்!"

ரமீஸ் "முள்ளுல விஷம் இருக்கு, கையை மட்டும் விடாதீங்க" என்பதை மட்டும் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தான்.

சிங்கமீன் வந்த அன்றே சண்டை நின்றது. செல்லக்கண்ணு மார்பைத் தட்டிக்கொண்டார். மறுநாள் தொட்டியில் இன்னும் அமைதி. வெள்ளிக்கிழமை பேரமைதி.

"ஏங்க, மத்ததெல்லாம் எங்கே?" என்றாள் லீலா.

நாட்டாண்மை நடுவில் மிதந்துகொண்டிருந்தார். வயிறு மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

லீலா எழுந்து வந்து பார்த்துவிட்டு, மேஜைவிரிப்பை எடுத்துத் தொட்டியின் மேல் போடப் போனாள்.

"வை அதை! செல்லக்கண்ணு மூடி மறைச்சுத் தொழில் பண்றவன் இல்ல. கேட்டா பதில் சொல்லுவேன்."

சனிக்கிழமை நால்வரும் படியேறி வந்தார்கள். சிவானியும் அவள் அம்மா தமயந்தியும் முன்னால். ஷங்கரும், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவன் அப்பா முத்துசாமியும் பின்னால். செல்லக்கண்ணு பிள்ளைகள் இருவரையும் தொட்டிக்கு எதிரே சோபாவில் நெருக்கி உட்கார வைத்தார். பெரியவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்.

"ஒருத்தரை ஒருத்தர் நல்லா பாருங்க."

"டெய்லி ஆபீஸ்ல பார்க்கறோம், அங்கிள்" என்றான் ஷங்கர்.

"அப்ப பாதி வேலை முடிஞ்சது!"

முத்துசாமி தொட்டியை நெருங்கினார். "இவ்வளவு பெரிய தொட்டியில ஒரே மீனா? மத்ததெல்லாம்?"

"பின்னாடி ஓய்வெடுக்குது" என்றார் செல்லக்கண்ணு, கண்ணிமைக்காமல்.

தமயந்தி கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தார். "இது வயித்தைப் பார்த்தா, எல்லாரும் உள்ளேதான் ஓய்வெடுக்கறாங்க போல."

முத்துசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தமயந்திக்கும் தொற்றிக்கொண்டது. அங்கிருந்து பேச்சு எந்த மீனை அசாம் பெடாஸ் குழம்பு வைக்கலாம், புளி எவ்வளவு போடலாம் என்று போய்விட்டது. சோபாவிலிருந்த இருவரும் ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீலா கணவரின் சட்டையை இழுத்தாள். "ஏங்க, முதல்ல அவங்களைக் கொஞ்சம் பேச விடுங்க."

"நான் பேசி முடிச்சுடறேன்!" செல்லக்கண்ணுவின் குரல் உயர்ந்தது. "மீன் போகட்டும், ஐயா. மீனுக்குப் புத்தி கிடையாது. எனக்கு இருக்கு. எந்த ஆப்பும் வேண்டாம், எந்த ஜாதகத்தையும் நான் பிரிக்கக்கூட வேண்டாம். இந்த அறைக்குள்ள நுழைஞ்சதும் கண்டுபிடிச்சுட்டேன். இங்கே ஒரு ஜோடி இருக்கு. இப்படிப் பத்துக்குப் பத்துப் பொருந்தின ஜோடியை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. தப்புன்னு யாராவது நிரூபிச்சா நாளைக்கே என் பலகையைக் கழட்டறேன்!"

தமயந்தி தலை குனிந்துகொண்டார். முத்துசாமி செருமினார். தாம்பாளத்திலிருந்த மல்லிகைச் சரத்தைச் செல்லக்கண்ணு எடுத்து, சபையை ஒருமுறை வெற்றியோடு சுற்றிப் பார்த்து, சிவானியிடம் நீட்டினார்.

"கல்யாணப் பொண்ணு பூ வெச்சுக்கட்டும்."

சிவானி எழுந்து சரத்தை வாங்கினாள். நேராக நடந்துபோய் தமயந்தியின் கொண்டையில் அதைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள்.

"கரெக்டா சொல்லிட்டீங்க, அங்கிள். போன்ல நான் சொல்ல வந்ததும் இதைத்தான்: கல்யாணம் எங்க அம்மாவுக்கும் ஷங்கரோட அப்பாவுக்கும்."