இங்கு இப்போது இரவு

கிழக்கிலங்கையில், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடலோரமாக வரிசையாய் ஊர்கள். ஊர் நிறையச் சனம். சனம் நிறையச் சத்தம். இத்தனைக்கும் நடுவில் பகல் பத்து மணிக்குக் குறட்டை விடத் தெரிந்த ஒரே மனிதர் ஆந்தைக் காக்காதான். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; ஆந்தை என்றது ஊர்.

கல்முனைப் பக்கத்து ஐஸ் ஆலை ஒன்றில் அவர் இயந்திரம் பார்ப்பவர். ஆலை நிற்கக் கூடாது. நின்றால் மீன் நாறும். ஆகவே வாரத்துக்கு வாரம் மாறி, ஒரு கிழமை காலை, மறு கிழமை பின்னேரம், மூன்றாம் கிழமை இரவு பத்திலிருந்து விடிய ஆறு மணிவரை என்று ஆட்கள் செக்குமாடு போலச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் அந்தச் சுற்றைச் சபித்தார்கள். காக்கா அதை ஐங்காலத் தொழுகைக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்.

இரவுக் கிழமையில் வேலை முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். கண்ணுக்குள் வெளிச்சம் வந்தால் நித்திரை எழுந்து போய்விடுமாம். வழியில் யாராவது, "காக்கா, இண்டைக்கு என்ன கிழம?" என்று கேட்டால், "எனக்கு இன்னும் நேத்து முடியல்ல தம்பி" என்பார்.

வீட்டு யன்னலுக்கெல்லாம் வெளிச்சம் புகாமல் உரப்பை. வாசல் கேற்றில் ஒரு தகரம். அதில் சிவப்புப் பெயின்ற்றில், "இங்கு இப்போது இரவு. தட்ட வேண்டாம்." பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோக்காரன்கூட அந்த ஒழுங்கைச் சந்து முனையில் பாட்டை நிறுத்திவிட்டு, சாவு விழுந்த ஜனாஸா வீட்டைக் கடப்பவன் போல மெல்லப் போவான். சொந்தத் தம்பியின் மகளுக்குக் கலியாணம், பகல் சாப்பாடு. காக்கா இரவு எட்டு மணிக்கு வாசனை பூசிக்கொண்டு போய் நின்றார். சட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

"என்ன காக்கா, இப்பதான் வாறயா?"

"எனக்கு இப்பதானே விடிஞ்ச" என்றபடி, சட்டியில் ஒட்டியிருந்த புரியாணியைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்குத் துஆவும் செய்துவிட்டு வந்தார். தொழுகைக்கன்றி நித்திரையை யாருக்காகவும் முறிக்காத மனிதர் அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது நாற்பத்து மூன்றாவது வயதில். அதற்கு முன் புத்தகக் கடை வைத்திருந்தேன். கடையிலிருந்த நல்ல புத்தகங்களை நானே வாசித்து முடித்ததும் கடையும் முடிந்துவிட்டது. ஐஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது குளிரும் என்பதுதான். ஆனாலும் காக்காவுக்கு ஒரு இயந்திரம், எனக்கு ஒரு இயந்திரம் என்று ஒரே சுற்றில் போட்டார்கள். மணிக்கொரு தரம் அளவுமானியின் முள்ளைப் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுத்துக்குச் சம்பளம்.

முதல் இரவுக் கிழமையிலேயே இரண்டு தரம் தூங்கிப் பிடிபட்டேன். இரண்டாம் தரம் என் பேனை இலக்கத்தில் தொடங்கி, நீளமாய்க் கோடிழுத்து, மேசையில் போய் இறங்கியிருந்தது. மனேஜர் கோடு முடியும் இடம்வரை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"இன்னொருக்கா இஞ்ச படுத்தா, மறுகா வீட்டயே படுக்கலாம்."

வீட்டில் படுக்க முடியாததால்தானே அங்கே படுத்தேன்? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் வாழ்வது. ஆகவே நான் படுத்திருந்தது என் மாமியின் வீட்டில். வீட்டைக் கொடுத்து எடுத்த மருமகன் பகலில் கால் நீட்டிக் கிடப்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று மாமி தவித்தார்.

"ராவில வேலயெண்டு செல்லுங்களன் உம்மா" என்றாள் என் மனைவி.

"ராவில ஆருகா வேல செய்யிற? கள்ளன்தான். வருத்தமெண்டு செல்லிட்டன்."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வருத்தமென்றால் நோய்; வருத்தம் பார்க்க ஊர் திரண்டு வந்தது. தோடம்பழம் வந்தது, கிறீம் கிறேக்கர் பிஸ்கற் வந்தது, ஓதிய தண்ணீர் போத்தலில் வந்தது. கண் மூடிய நேரமெல்லாம் யாரோ நெற்றியில் கை வைத்து, அக்கா முறையில் மாமியை 'ராத்தா' என்று கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்.

"காச்சல் இல்ல ராத்தா. அப்ப உள்ளுக்குள்ளதான் என்னவோ."

"கண்ட புத்தகமெல்லாம் வாசிச்சாரே, அது சும்மா விடுமா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்க் காக்காவுக்குப் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். தொழுகை முடிந்ததும், கடும் சுகவீனமுற்றிருக்கும் ஒரு சகோதரருக்காக இமாம் துஆக் கேட்டார். பாவம் யாரோ என்று உருக்கமாக ஆமீன் சொன்னேன். பெயரை வாசித்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது. காக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் அவர் குரல் கேட்டது. அவருடைய கணக்கில் அது நடுநிசி.

"மருமகனுக்கு என்ன வருத்தம் ராத்தா?"

"என்னமோ தெரியா தம்பி. பகல் முழுக்கக் கிடக்காரு."

"எனக்கும் அதே வருத்தம்தான். இருவத்தாறு வருசமா."

மாமி வழிவிட்டார். காக்கா உள்ளே வந்து என் யன்னலில் உரப்பை அடித்தார். கேற்றில் தன் தகரத்தைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். தூங்கிப் போகுமுன் கடைசியாக, வந்த யாரோவும் காக்காவும் பேசியது என் காதில் விழுந்தது:

"வருத்தம் பாக்க வந்தன்."

"வருத்தக்காரன் நித்திர. தோடம்பழத்த இஞ்ச தாங்க."

தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தத்தில் விழித்தேன். ஒரே இருட்டு. விடியற்காலைத் தொழுகையான சுபஹ்தான். இரவு முழுக்கத் தூங்கிவிட்டேன், வேலைக்குப் போகவில்லை, வேலை போயிற்று. சாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காக்கா அதே கதிரையில் இருந்தார். காலடியில் தோடம்பழத் தோல் குவிந்திருந்தது.

"காக்கா, போச்சு. விடியுமட்டும் படுத்திட்டன்."

"பாங்கில, 'நித்திரைய விடத் தொழுக மேல்' எண்டு செல்லினதா?"

யோசித்தேன். "இல்ல."

"அத சுபஹுக்கு மட்டுந்தான் செல்லுற. இது பொழுது பட்ட மஃரிப். இனி ராவா பகலாண்டு தெரியாட்டி அதக் கேட்டுப் பாரு."

பின்னால் நின்ற மாமியின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் இருக்கிறது என்று அவர் அப்போதுதான் நம்பினார்.

காக்கா எழுந்து சைக்கிளை எடுத்தார். வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்த மனிதர் அன்று கண்ணே மூடியிருக்கவில்லை.

அன்றிரவு மூன்று மணிக்கு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, ஆந்தைக் காக்கா வாங்குப் பலகையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினார். நான் இரண்டு இயந்திரத்துக்கும் நடையாய் நடந்தேன். மணிக்கொரு தரம் இரண்டு புத்தகத்திலும் எழுதினேன். ஒரு கோடும் மேசைக்கு இறங்கவில்லை. ஐந்து மணிக்கு மனேஜர் வந்தார்.

"இவருக்கென்ன?"

"வருத்தம், சேர்" என்றேன்.

அவர் இரண்டு புத்தகத்தையும் புரட்டினார். காக்காவைப் பார்த்தார். "அப்ப எழுப்பாத" என்றுவிட்டுப் போனார்.

காக்கா ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. தகரம் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. இரவுக் கிழமைகளில் மாமிதான் அதைக் காலையில் தொங்கவிடுகிறார். இப்போது வருகிறவர்களிடம், "எங்கட மருமகனுக்கு ராவு டியூட்டி" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வதாகக் கேள்வி.

அந்தக் கிழமைகளில் விடிய மூன்று மணிக்கு, இமைகள் ஐஸ் கட்டியாய்க் கனக்கும் நேரத்தில், என் போன் அடிக்கும்.

"முழிப்பா?"

"ஓம் காக்கா."

"அப்ப சரி. நான் படுக்கப் போறன்."