மொச்சச் செடிக்கு உண்ணி பாத்த கதை

எனக்கு ஒரு பழக்கம். எதையும் நம்ப மாட்டேன். போளூர் பஸ்சுல கண்டக்டர் டிக்கெட்டு கிழிச்சி குடுத்தா, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி ரெண்டு பக்கமும் பாப்பேன். (படிக்கத் தெரியாது. ஆனா நாம பாக்கறோம்னு அவனுக்குத் தெரியணும் இல்ல?) உப்பு வாங்கினா நாக்குல வெச்சிப் பாத்துட்டுதான் உப்புன்னு ஒத்துக்குவேன். இதுவரைக்கும் உப்பு உப்பாதான் இருந்திருக்கு. இருந்தாலும்.

அதுலயும் சும்மா குடுக்கற பொருளுன்னா ரெண்டு மடங்கு சந்தேகம். அந்தக் கருப்பு மாவு பாக்கெட்டு வூட்டுக்கு வந்தப்பவே அத ரெண்டு தடவ மோந்து பாத்தேன்.

வேளாண்மை ஆபீசு மேடம் ஒருத்தங்க மலைக்கு வந்து, பொம்பளைங்களுக்குக் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு பாக்கெட்டு குடுத்திருக்காங்க. எம் பொஞ்சாதி காளியம்மா அத ஆறின கஞ்சியில கொழச்சி, மொச்ச வெதய அதுல பொரட்டி, நெழல்ல ஒணத்திக்கினு இருந்தா.

"இன்னா அது?"

"இதுல உசுரு இருக்குதாம். கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுரு. வேர்ல குடியிருந்து, காத்துல இருக்கற சத்தப் புடிச்சி செடிக்குக் குடுக்குமாம். செடி அதுக்கு இனிப்பு குடுக்குமாம்."

நான் யோசிச்சேன். இவ தம்பி சின்னசாமி எங்க வூட்ல மூணு மாசம் குடியிருந்தான். நாங்க சோறு போட்டோம். அவன் ஒரு வெறகு ஒடச்சிக் குடுத்தது கெடையாது. மனுசனே அப்படி இருக்கச் சொல்ல, கண்ணுக்குத் தெரியாதது குடுத்துடுமா? இத நான் வாய் தவறி சொல்லிட்டேன். அன்னிக்குக் கஞ்சியில உப்பு இல்ல.

அந்த வெதயப் பத்திச் சொல்லணும். அது காளியம்மா அவ அம்மா வூட்லருந்து சாம்பல்ல பொரட்டி, கலயத்துல கொண்டாந்தது. செவப்பா கண்ணு வெச்ச மொச்ச. எங்க மலையில வேற யாருகிட்டயும் கெடையாது. அந்த வருசம் கலயத்தயே கவுத்து மொத்தத்தயும் வெதச்சிட்டா. ஒரு வெத மீதி இல்ல.

செடி மொழம் ஒசரம் வந்த நேரம், எம் பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். காளியம்மா செங்கத்துக்குக் கெளம்பிட்டா. "ஒரு களை எடு. வேற எதுலயும் கை வெக்காத," சொல்லிட்டு பஸ் ஏறினா.

எங்க ஊர்ல களை எடுக்கறது பொம்பளைங்க வேல. ஆம்பள ஏரு ஓட்டுவான், கடசில அறுத்து அடிப்பான். நடுவுல செடி இன்னா பண்ணுதுன்னு அவனுக்குத் தெரியாது. நானும் அதுவரைக்கும் களைக்கொத்தத் தொட்டவன் இல்ல. மொத நாளே பில்லோட சேத்து ஒரு மொச்சச் செடியயும் புடுங்கிட்டேன். வேரப் பாத்தேன். குண்டு குண்டா இன்னாமோ ஒட்டிக்கினு இருக்கு. மாட்டுக் காதுல உண்ணி இருக்குமே, அச்சு அசல் அதே மாதிரி. ஒண்ண நகத்தால நசுக்கினேன். உள்ள செவப்பு.

ஓடிப் போய் சின்னசாமியக் கூட்டிக்கினு வந்தேன். அவன் பத்து மாடு வெச்சிருக்கறவன். வேரத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"உண்ணிதான் மாமா. பாக்கெட்டுல முட்ட வெச்சிக் குடுத்திருக்காங்க."

"கால் இல்லயே மச்சான்?"

"ரத்தம் குடிச்சி உப்பின உண்ணிக்கி கால் எங்க தெரியும்?"

"செடிக்கு ஏதுடா ரத்தம்?"

"அதான் மாமா எனக்கும் பயமா இருக்கு."

அப்பால இன்னா யோசன? மாட்டுக்குப் பண்றதத்தான் பண்ணோம். ஒவ்வொரு செடியாப் புடுங்கறது, வேர்ல இருக்கற உண்ணிய ஒண்ணு விடாம கிள்ளி மண்ணெண்ண டப்பாவுல போடறது, செடியத் திரும்ப நடறது. நாலு நாள் இடுப்பு ஒடிஞ்சிது. மூணாம் நாளே மொத வரிசையெல்லாம் தலயத் தொங்கப் போட்டுச்சி. "பாத்தியா மாமா, எவ்ளோ உறிஞ்சியிருக்கு," ன்னான் சின்னசாமி. எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் சந்தோசம். நாம சந்தேகப்பட்டது சரியாப் போச்சே.

பாறை ஓரம் ஒரு வரிசை பாக்கி இருக்கச் சொல்ல, மேடம் வந்திருக்காங்கன்னு சேதி வந்துச்சி. உண்ணிங்கள ஒரு தட்டுல கொட்டி, துண்டு போட்டு மூடி எடுத்துக்கினு போனேன், பின்னாலயே சின்னசாமி. ரேசன் கடை பக்கத்துல பொம்பளைங்க எல்லாம் ஒக்காந்திருக்காங்க. நேரா போய் மேடம் காலடியில தட்ட வெச்சி துண்ட இழுத்தேன்.

"நீங்க குடுத்த மாவு குட்டி போட்டிருக்கு. இதுக்கு பதில் சொல்லுங்க."

மேடம் குனிஞ்சி பாத்தாங்க. "ஐயா, இத நசுக்கிப் பாத்தீங்களா? உள்ள என்ன நெறம்?"

"செவப்பு. அத்தினியும் செவப்பு." பெருமையா சொன்னேன்.

மேடம் கண்ண மூடிக்கினாங்க. "செவப்பா இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஐயா. அதுக்குள்ளதான் அந்த உசுரு இருந்துச்சி."

நான் விடுவனா? "அதெல்லாம் இல்ல. இது பாக்கெட்டுல வந்த உண்ணி."

ஒரு பொம்பள எழுந்து போய், வேலி ஓரத்துல தானா மொளச்ச காராமணியப் புடுங்கி எம் முன்னாடி ஆட்டுனா. அதுலயும் குண்டு குண்டா. கொஞ்சம் சிறுசு, அவ்ளோதான். "இதுக்கு எந்த ஆபீசுல பாக்கெட்டு குடுத்தாங்க அண்ணா? களை எடுக்கறப்ப வருசா வருசம் பாக்கறோம். நம்ம மண்ணுலயே இருக்கறது. மேடம் குடுத்தது இன்னும் நல்லா உழைக்குமாம்."

அத்தினி பொம்பளைங்களும் சிரிச்சாங்க. சின்னசாமியத் திரும்பிப் பாத்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு போய்ட்டு இருந்தான்.

அந்த நேரம் பாத்து செங்கத்துலருந்து காளியம்மா வந்து எறங்கறா. பேத்தி பொறந்த சேதியோட, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. தட்டப் பாத்தா. சிரிப்பு நின்னுச்சி.

"எத்தினி செடி புடுங்கன?"

"ஒரு வரிசை பாக்கி."

பைய அப்படியே வெச்சிட்டு கொல்லைக்கி நடந்தா. நான் பின்னாடியே போனேன். வாடிக் கெடந்த செடி ஒண்ணத் தொட்டுப் பாத்தா. "எங்கம்மா குடுத்தது," ன்னா. அவ்ளோதான். அவ திட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

அன்னிலருந்து அறுப்பு வரைக்கும் அந்த ஒரு வரிசைக்கு நான்தான் காவல். ஆடு, மயிலு, பன்னி, சின்னசாமி, எதையும் அண்ட விடல. பாறை ஓரம் ஒழுங்கா வெளையாத எடம். ஆனா அந்த வருசம் காய்ச்சிது பாருங்க, கொடி தெரியாம காய். கலயத்துல கால்வாசி வெத தேறுச்சி. காளியம்மா அத மூடி வெச்சப்பதான் எங்கிட்ட மறுபடி பேசினா. "களைக்கொத்த எங்க வெச்ச?" ன்னா. அந்த வருசத்துலருந்து களை எடுக்கற பொம்பளைங்க கூட்டத்துல நானும் ஒரு ஆளு.

பேத்தியப் பாக்க செங்கம் போனேன். கொழந்தய எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எம் பொண்ணு சொல்றா, "காத புடிச்சிப் பாக்காத நைனா, உண்ணி இல்ல." அந்தப் பேத்திதான் இப்ப நான் சொல்லச் சொல்ல இத எழுதறா. (நான் சொன்னதத்தான் எழுதறாளா, யாருக்குத் தெரியும்?) வூட்டுக்கு எது புதுசா வந்தாலும் அவ ஒண்ணுதான் சொல்லுவா: "தாத்தா கையில குடுக்காதீங்க, புடுங்கிப் பாத்துட்டு திரும்ப நடுவாரு."

இப்பவும் வருசா வருசம் மொத மொச்சக் கொழம்பு வெக்கற அன்னிக்கு, காளியம்மா எந் தட்டுலதான் மொதல்ல ஊத்துவா. "பாத்துத் தின்னுய்யா, உண்ணி இருக்கப் போவுது."

எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சிக்கினே ஒரு மொச்சய எடுத்து, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி, ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் வாயில போடுவேன்.