கோடு மாமா கடித்துக் காட்டிய பீர்க்கங்கூடு

கடவுள் உலகத்தைப் படைத்ததில் கோடு மாமாவுக்கு ஆட்சேபணை கிடையாது. எதை எந்தத் தலைப்பில் படைத்தார் என்று ஓர் எண் போட்டு வைக்காமல் போய்விட்டாரே என்பதில்தான் மனத்தாங்கல். அந்தக் குறையைத் தான் ஒருவராகவே தீர்த்துவிடுவதென்று மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்திருந்தார்.

அது வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட் ஆபீஸ். நான் பில் போடுகிறவள். மாமா எனக்கு எதிர் மேஜை. ஜி.எஸ்.டி. பில்லாகட்டும், கப்பலேறும் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் காகிதமாகட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், எங்கள் பாஷையில் கோடு (code), போட்டாக வேண்டும். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். அப்புறம் தலைப்பு, உட்தலைப்பு என்று எட்டு இலக்கம் வரை நீளும். ஒன்று பிசகினாலும் வரி மாறும், சரக்கு நிற்கும், முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எங்களுக்கு அது வேலை. மாமாவுக்கு அதுதான் உலகம். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் கோடு மாமாதான்.

சேர்ந்த புதிதில் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். "பச்சை இஞ்சிக்கு வரி இல்லை, சுக்குக்கு மட்டும் வரியா மாமா? வெயில்ல காஞ்சதுக்கா வரி?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "பேரைக் கேட்டுக் கோடு போடப்படாது, கேட்டியா? எதுனால ஆனது, இப்போ என்ன நெலமைலே இருக்கு, எதுக்கு ஆகும்னு கேக்கணம். முக்கியமா, சாமானைக் கையிலே எடுத்துப் பாக்கணம். பாக்காம கோடு போடறவன் கண்ணை மூடிண்டு வண்டி ஓட்டறவனாக்கும். மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று, நன்றாகவே புரிந்தது. ஆனால் இந்த விசாரணை ஆபீஸோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? சாயாக்கடையில் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரி வந்தால் மாமா அதைப் பிட்டு, பழம் எவ்வளவு மாவு எவ்வளவு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "மாவு ஜாஸ்தி. இது பலகாரமாக்கும், பழம் இல்லை" என்று தீர்ப்பு வரும். கடைச் சேட்டன் தலையில் அடித்துக்கொண்டு, "அது பழம்பொரியாணு மாமா, தணுத்துப் போகும், வேகம் தின்னோ" என்று, ஆறிப்போவதற்குள் தின்னச் சொல்லிக் கெஞ்சுவார்.

வீட்டில் இன்னும் மோசம். செருப்பு அறுபத்துநாலாம் அத்தியாயம், குடை அறுபத்தாறு. "அறுபத்துநாலை வாசல்லே விட்டுட்டு உள்ளே வா" என்றுதான் விருந்தாளியை வரவேற்பார். மாமி ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னை எந்தக் கோட்டிலே போட்டிருக்கேள்?" என்று கேட்டாள். "உன்னையா? ஏற்றுமதிக்குத் தடைசெய்யப்பட்ட சரக்கு" என்றார் மாமா, ரொம்பப் பிரியமாக. மாமி அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

தீபாவளிக்கு நான் ஆபீஸுக்குக் கொண்டுபோன முறுக்கையும் விடவில்லை. அரிசி மாவா, உளுந்து சேர்ந்ததா, எந்த எண்ணெய், எவ்வளவு எள்? நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த தீபாவளிக்கு அவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு முறை சாமானைப் பார்க்காமல் கோடு சொன்னார். அதில் மாட்டிக்கொண்டவள் செல்வி.

செல்வி தேனிப் பக்கத்துப் பெண். எர்ணாகுளத்தில் ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுப் பீர்க்கங்கூட்டில் இறங்கினாள். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் உள்ளே இருக்கும் நார்க்கூடுதான். அதைச் சுத்தம் செய்து, வட்டமாக வெட்டி, மாட்டிவைக்கக் கயிறு தைத்தால் முதுகு தேய்க்க அருமையாக இருக்கும். எங்கேயோ ஜெர்மனியில் ஒரு சோப்புக் கடைக்காரர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு முதல் ஆர்டர் கொடுத்தார். இந்தக் கப்பலில் வந்தால் தொடர்ந்து வாங்குவேன், தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரக்கை அனுப்பும் பொறுப்பைச் செல்வி எங்கள் ஆபீஸில் ஒப்படைத்தாள்.

செல்வி கோடு கேட்டு மாமாவுக்குப் போன் செய்த நேரம், மாமா தன் மகளின் கல்யாணப் பந்தலில் நிற்கிறார். பின்னால் நாதஸ்வரம், கையில் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டிய சந்தனக் கிண்ணம். "காஞ்ச பீர்க்கங்காய்ங்க ஐயா" என்றாள் செல்வி. "காஞ்ச காயா? ஏழாம் அத்தியாயம், போட்டுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். மாமாவே சொன்னபிறகு மறுபேச்சு ஏது? அப்படியே போட்டோம்.

ஏழாம் அத்தியாயம் என்றால் காய்கறி. காய்கறி கப்பலேற வேண்டுமென்றால் பூச்சியும் நோயும் இல்லை என்று சான்றிதழ் வேண்டும். அது இல்லாததால் துறைமுகத்தில், வெலிங்டன் தீவில், சரக்கு நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் கன்டெய்னரை மூடிவிடுவார்கள். செல்வி எங்கள் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மறுபடி பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதானா?" என்று கேட்டாள். நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா வந்தார். அவள் பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்தார், திருப்பினார், முகர்ந்தார். முகம் செத்துவிட்டது. "நான் பாக்கலையேடி" என்றார் என்னிடம். அவ்வளவுதான். அறுபத்தாறைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மழையில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினார். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

சுங்க அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி பொறுமைசாலி. "நிங்ஙள் தன்னெ அல்லே பச்சக்கறின்னு எழுதியது? பின்னெ ஞான் எந்து செய்யும்?" என்றார். நாங்களே காய்கறி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி.

"எழுதினது நானாக்கும் மேடம். தப்பு. காய்கறின்னா திங்கணம். இதைத் தின்னப் பாருங்கோ" என்று மாமா கூட்டை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "சரி, நானே காமிக்கறேன்" என்று நாங்கள் தடுப்பதற்குள் வாயில் வைத்து ஒரு கடி கடித்து இழுத்தார். மளுக்கென்று ஒரு சத்தம். பல்செட் கூட்டிலேயே தங்கிவிட்டது. மாமா மட்டும் திரும்பி வந்தார்.

"மதி மாமா, மதி!" என்று, போதும் போதுமென்று கையாட்டியபடி அதிகாரி எழுந்தேவிட்டார்.

மாமா அசரவில்லை. பல்லில்லாத வாயால் சொன்னது யாருக்கும் புரியாததால் விரல்களை நீட்டினார்: நாலு, அப்புறம் ஆறு. அதிகாரி நாற்பத்தாறாம் அத்தியாயத்தைத் திறந்து படித்தார். கூடை, முடைந்த சாமான்கள், அவற்றோடு ஒரே தலைப்பில், பேர் சொல்லியே, பீர்க்கங்கூட்டில் செய்த பொருள்கள்! உலகத்து வியாபாரத்துக்கெல்லாம் எண் போட்டவர்கள் செல்வியையும் மறக்கவில்லை. அதிகாரி சிரித்துவிட்டார். சரக்கைப் பிரித்துப் பார்த்தார், திருத்திக்கொடுத்த காகிதத்தை ஏற்றுக்கொண்டார். கன்டெய்னர் மூடுவதற்குள் செல்வியின் பெட்டிகள் உள்ளே போய்விட்டன.

வெளியே வந்ததும் செல்வி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மூன்று பேரும் சோடா சர்பத் குடித்தோம். மாமா குடித்ததில் பாதி சட்டையில்.

உடைந்த செட்டுக்குப் பதில் புதுசு வரும்வரை மாமாவுக்குக் கஞ்சிதான். ஒருநாள் செல்வி தூக்குவாளியில் சுடச்சுடப் பருத்திப்பால் கொண்டுவந்தாள். பருத்திக்கொட்டை, கருப்பட்டி, சுக்கு, தேங்காய்ப்பூ. நாலு அத்தியாயம் ஒரே வாளியில்! ஆபீஸே வேலையை நிறுத்திவிட்டு மாமாவின் வாயைப் பார்த்தது. மாமா ஊற்றிக் குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"இதுக்கு என்ன கோடு, மாமா?" என்றேன்.

"கோடு விக்கற சாமானுக்காக்கும்" என்றார் பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டு. "இவ விக்கவா கொண்டுவந்தா?"

மாமா இப்போது ஓய்வுபெற்றுக் காக்கநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். செல்வியின் கூடுகள் கப்பல் கப்பலாகப் போகின்றன. போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன், பழைய கோபத்தையெல்லாம் மறந்து ஒரு டப்பா முறுக்கோடு. அரிசி, உளுந்து, எண்ணெய், எள் என்று பதில்களை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மாமா டப்பாவைத் திறந்தார், ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மனப்பாடம் செய்திருந்த பதில்களை நான் முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கினேன்.