வேப்பிலை எண்ணுன ஆண்டியப்பன்

பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சவன் கதைன்னா போதும், எல்லாரும் கிட்ட வந்து குந்திருவீங்களே! அகப்பை எப்பப் பறக்கும்னுதானே பாக்குறீங்க? பறக்காது. நாகலெட்சுமி கையவே ஓங்கல. ஓங்கியிருந்தா நல்லாருந்திருக்கும்.

அரிசிக்கு அலைஞ்ச எழுபத்துநாலாம் வருசம். மலை மேல தேயிலத் தோட்டம் பூரா வாந்திபேதி. நாகலெட்சுமி மகளத் தூக்கி நோர்வூட் டவுன்ல தங்கச்சி வீட்ல விட்டுட்டா. புருசன் ஆண்டியப்பனுக்குப் புள்ள மொகம் பாக்காம ரொட்டி எறங்கல.

அந்த நேரம் பாத்து தோட்டத்துக்கு மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா, "நோய்க்கார வீடு எத்தனன்னு தெனம் எண்ணிட்டு வா"ன்னாரு. அம்புட்டுத்தான், பெரிய தொர மாதிரி கையப் பின்னால கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். நோய் வந்த வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டுவாங்க. கட்டுன வீட்டுக்குள்ள போகக்கூடாது, ஆளக் கூப்புடவும் கூடாது. இவன் தூர நின்னே வேப்பங்கொத்த எண்ணிக்குவான். மொத நாள் இருபது. அப்புறம் பன்னண்டு. அப்புறம் நாலு. ஒருநாள் ஒண்ணுமே இல்ல.

"நாகு! சைபர்! நோய் ஓடிப்போச்சு. நான் போயிப் புள்ளையக் கூட்டியாறேன்!"

"வேணாம்."

"கணக்கு சொல்லுது புள்ள!"

"ஒங்க கணக்குக்கு வயித்து நோவு தெரியுமா?"

"டிஸ்பென்சர் ஐயாவே தட்டிக்குடுத்தாரு!"

"அப்ப அவரு வீட்லயே போயிப் படுங்க. இந்தக் காம்பரா வாசப்படியில காலு வச்சீங்க, தெரியும் சேதி!"

கம்பிளி வெளிய வந்து விழுந்துச்சு. பின்னாலயே அவன் தட்டு, அவன் கோப்பை. கதவு படார்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்க!" உள்ளேருந்து ஒரு அதட்டல்.

கதவுக்கு வெளிய இஸ்தோப்புத் திண்ணையில சுருண்டு கெடந்தவன் சும்மா இருந்தானா? அவ திட்டையும் எண்ணுனான். மொத நாள் வாய் ஓயல. மறுநாள் "போங்க, போங்க"ன்னு மட்டும், அதுவும் மெதுவா. அடுத்த நாள் காலையில சத்தமே இல்ல.

'கோவமும் சைபர்!'னு வெள்ளச் சட்டையப் போட்டு, தலையச் சீவிக்கிட்டு எறங்குனான் நோர்வூட் பஸ்ஸுக்கு.

பக்கத்துக் காம்பரா அழகம்மா வாளியோட எதுக்க வந்தா.

"எங்கப்பா இம்புட்டு சோக்கா?"

"புள்ளையக் கூட்டியாறத்தான் அக்கா. தோட்டத்துல நோயும் இல்ல, வீட்ல கோவமும் இல்ல."

அழகம்மா வாளிய நங்குனு கீழ வச்சா.

"அட கூறுகெட்டவனே! இந்தக் குளுருல வேப்பமரம் ஏதுடா? மாத்தளையிலருந்து பஸ்ஸுல வந்த எல தீந்துபோச்சு, அதான் ஒருத்தரும் கட்டல. நோய் எங்கடா போச்சு? ஒன் வீட்டுக்குள்ளயேதான் இருக்கு. ஒனக்கும் புள்ளைக்கும் ஒட்டிரக் கூடாதுன்னுதான் நாகு சண்டையப் போட்டு ஒன்னத் தொரத்துனா. சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. கோவம் கொறையலடா... அவளுக்குத் திட்டத் தெம்பு இல்ல."