வழக்கொழிந்த வினைச்சொல்

அகராதி அலுவலகத்தில் உதவி ஆசிரியரின் ஆறு மாதச் சோதனைக் காலம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் கடைசி அட்டையை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அட்டையில் இருந்தது 'ட்ரன்ஸில்' என்ற வழக்கொழிந்த ஆங்கில வினைச்சொல். பொருளும் வரலாறும் எழுத வேண்டும். பன்னிரண்டு அகராதிகளைப் புரட்டியும் அந்தப் புண்ணியவான் அகப்படவில்லை. தெரியாது என்று சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடுமே என்ற பயத்தில், 'ஈரத்துணியைப் பிழியாமல் உதறுதல்' என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் நீட்டினார்.

"அப்படியா? எப்ப வழக்குல இருந்துச்சு?"

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி சார்."

"சான்று?"

"ஒரு சலவைக்காரம்மா எழுதின கடிதம் சார்."

"அது எங்க இருக்கு?"

"ஒரு நூலகத்துல இருந்துச்சு. எரிஞ்சுபோச்சு."

"கடிதமா?"

"நூலகமே சார்."

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

உதவி ஆசிரியரின் நாக்கு அவரைக் கேட்காமலே ஓடியது. "என் மனைவியோட தாத்தா அங்க வேலை பார்த்தார். அதைப் பார்த்து நோட்டுல எழுதி வச்சிருந்தார்."

"பொக்கிஷமாச்சே. அஞ்சு மணிக்குள்ள அந்த நோட்டைக் கொண்டுவாங்க."

வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உங்க தாத்தா எழுதின நோட்டு ஏதாவது இருக்கா?"

"தாத்தாவா? அவர் கைநாட்டுங்க. அது கிடக்கட்டும், வேலை நிரந்தரமாயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்கு" என்று போனை வைத்தார். இடக்கையால் கிறுக்கி ஒரு பழைய நோட்டைத் தயார் செய்தார். பழுப்பு நிறம் வர டீயை ஊற்றினார். எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. மணி நாலே முக்கால். ஆறு மாத உழைப்பும் போயிற்று என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அட்டைகளைச் சேகரிக்க வந்த கோப்பறை அம்மா, ஈர நோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இதே அட்டைக்கு நாலு அர்த்தம் எழுதிட்டுப் போயிட்டாங்க சார், அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, 'தெரியல'ன்னு எழுத ஒரு ஆள் கிடைக்கமாட்டாங்களான்னுதான் ஐயா தேடிக்கிட்டிருக்கார்."