சன்னாசி மண்டோர் வாங்கிய சிம்மாசனம்

சன்னாசி மண்டோர் ஒரு முடிவு எடுத்துவிட்டார்.

இதுவே பெரிய சேதிதான். ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரான அவர் ஒரு தடவை இருமினால் நாற்பது பால்வெட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் இருமினால் மனைவி வேலம்மா கஷாயம் வைப்பாள், அவ்வளவுதான். பெயர் சன்னாசி என்றாலும் குடும்பம் உண்டு. குடும்பத்தில் முடிவெடுக்கிற உத்தியோகம் மட்டும் கல்யாணமான நாள் முதல் அம்மாளிடமே இருந்தது.

அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"நம்ம மக நவமணிக்குச் சக்கர நாற்காலி நான்தான் பார்ப்பேன். இதுல என் பேச்சுதான் கடைசிப் பேச்சு."

அது வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம். கோல சிலாங்கூர் போகிற சாலையோரத்தில் இருந்த அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு காட்டுக்குள் இருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற சட்டி, பானை, குடை, கூந்தல் முடிச்சு வரைக்கும் சோதனை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் எல்லோரும் வேலிக்குள் வந்துவிட வேண்டும். இன்றைக்கு அங்கே போனால் வேலியும் இல்லை, லயமும் இல்லை. செம்பனை மரம்தான் வரிசையாக நிற்கிறது. ஆனால் அந்த வேலிக்குள்ளேயும் பிள்ளைகள் சிரித்தார்கள், சனங்கள் சண்டை போட்டார்கள், தீபாவளி வந்தது.

தீபாவளி என்றால் அந்தத் தோட்டத்தில் பூப்பந்துப் போட்டி. ஆபீசுக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே, செம்மண்ணை மெழுகிச் சுண்ணாம்பால் கோடு போட்ட ஒரு திடல் இருந்தது. அதன் ஓரத்தில் சாக்கு விரித்து நவமணி உட்கார்ந்திருப்பாள். பதினொரு வயசு. நாலு வயசில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. அப்பா தோளில் தூக்கி வந்து விடுவார். சங்கு ஊதினால் தூக்கிப் போவார். யாரோ போட்ட பழைய மட்டை ஒன்று அவள் கையில். தவறி வருகிற பந்தை அடித்துத் திருப்பிவிடுவாள். கை எட்டுகிற தூரத்தில் அவளைத் தாண்டி ஒரு பந்து போனதில்லை. எட்டாத தூரம்தான் அவளுக்குத் துக்கம்.

"நானும் போட்டியில ஆடணும்" என்றாள். போட்டி நடத்துகிற இளைஞர்கள் நல்ல பிள்ளைகள், சிரிக்கவில்லை. "தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு முழு ஆட்டம் ஆடிக்காட்டு, தங்கச்சி. பேர் எழுதிக்கிறோம்" என்றார்கள்.

அதனால்தான் நாற்காலிப் பேச்சு.

"ஏங்க, எடை கம்மியா இருக்கணும்" என்றாள் வேலம்மா. "அவளே கையால உருட்டணும். கை வீசுறதுக்கு இடைஞ்சலா பக்கத்துல கட்டை இருக்கக் கூடாது. இடுப்புக்கு ரவிக்கை மாதிரி பிடிச்சு நிக்கணும்."

"நீ நாற்காலி சொல்றியா, ரவிக்கை தைக்கிறியா?"

"ரெண்டுக்கும் அளவுதாங்க முக்கியம்."

"அடி போடி. பழைய தொரை ஊருக்குப் போறாரு. பங்களாவுல லேலாங் நடக்குது, சாமானெல்லாம் ஏலம் விடுறாங்க. அவரு அம்மா உக்காந்த சக்கர நாற்காலி ஒண்ணு வருது. தேக்கு! என் மக அதுல ராணி மாதிரி உக்காருவா."

"ராணி பூப்பந்து ஆடுவாளா?"

"ஆடி விழுந்து வச்சா?" என்றார் மண்டோர். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏழு வருஷமா தோளைவிட்டு இறக்காம வச்சிருக்கேன், புள்ள. மண்ணுல விழுறதப் பாக்க என்னால ஆவாது."

வேலம்மா அவர் தட்டில் சோற்றை வைத்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள்.

"சரிங்க. உங்க இஷ்டம்."

மண்டோர் அந்த இடத்தில் சுதாரித்திருக்க வேண்டும். வேலம்மா எதிர்த்துப் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம். "சரிங்க" என்றால் அதற்குமேல் தெய்வம்தான் துணை. ஆனால் ஜெயித்த மயக்கம். இன்னும் இரண்டு அகப்பை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, லேலாங் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்காலி வந்தது. நாலு ஆள் தூக்கி வந்தார்கள். நாற்காலியா அது? சிங்கத் தலை வைத்த கைப்பிடி, ஆள் உயரச் சாய்மானம், ஆசனத்துக்குக் கீழே ஒரு இழுப்பறை, மாட்டுவண்டிக்குத் தம்பி மாதிரி சக்கரம். லயமே திரண்டு வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நவமணியை உட்கார வைத்தார்கள். பல்லக்கில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தாள். மட்டையை ஒரு வீச்சு வீசினாள். முழங்கை சிங்கத்தின் மூக்கில் இடித்தது.

"அப்பா, இது நகரவே மாட்டேங்குது."

"நான் தள்ளுறேன்மா. நீ ஏன் கவலைப்படுற?"

"அடி கட்டையா இருக்கே, பிள்ளைக்கு வலிக்காதா?" என்று சொல்லி வேலம்மா அன்றைக்கே ஒரு மெத்தை தைத்தாள். இலவம்பஞ்சு மெத்தை. அதில் பதினாலு அறை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு நாடா, ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு முடிச்சு. மண்டோருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. புருஷன் வாங்கின பொருளுக்கு இவ்வளவு அக்கறையாகத் தைக்கிறாளே!

திங்கட்கிழமை நாலரை மணிக்கு ஊர்வலம் கேட்டுக்கு வந்தது. காவலர் தங்கராஜு கையை நீட்டி மறித்தார்.

"மண்டோரய்யா, நிறுத்துங்க. சோதனை."

"என்னையா தங்கராஜு? பிள்ளை உக்கார்ற நாற்காலி லா!"

"நீங்கதானே ஐயா போன மாசம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல அத்தன பேருக்கு முன்னால சொன்னீங்க? 'மண்டோர் வீட்டுப் பொருள்னு விட்டா, மண்டோர் பேரைச் சொல்லி மூட்டையே போயிடும். என் வீட்டுச் சட்டினாலும் கவுத்துப் பாரு'ன்னு. தொரைகூடக் கை தட்டினாரே."

சொன்னது உண்மை. கை தட்டியதும் உண்மை. மண்டோர் நாற்காலியை விட்டு ஒதுங்கி நின்றார்.

தங்கராஜு கடமை தவறாத மனுஷன். நவமணியை இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார். சாய்மானத்தைத் தட்டிப் பார்த்தார். இழுப்பறை ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்ததில் திறந்தது. உள்ளே ஒரு செத்த பல்லி. பிறகு மெத்தை. ஓர் அறையை அவிழ்த்து, கையை விட்டு, பஞ்சைத் துழாவி, அரிசி இல்லை என்று கண்டு, அடுத்தது. பதினாலு அறையும் முடிந்தது. பஞ்சு பறந்து அவர் தொப்பி நரைத்துப் போனது.

"சரி, போங்க ஐயா."

"பிரிச்சவங்கதான் கட்டணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வேலம்மாதான். தண்ணிக் குடத்தோடு அப்போதுதான் வந்தவள் மாதிரி நின்றாள். "இல்லாட்டி பிள்ளைக்குப் பஞ்சு வெளிய வந்துரும் பாருங்க."

பதினாலு முடிச்சு. திடலுக்குப் போய்ச் சேர்ந்து நவமணி மட்டையைக் கையில் எடுத்தாள். சங்கு ஊதியது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை மழை, இழுப்பறை திறக்கவே இல்லை. அன்று திரும்பி வரும்போது நவமணி அழவில்லை. அழுதிருந்தால் மண்டோர் தாங்கியிருப்பார். "பரவாயில்லப்பா, நான் சாக்குலயே உக்காந்துக்கிறேன்" என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் தோள் தெம்பாக இருக்கிற வரைக்கும் இவள் சாக்கில் உட்காருவாள். அதற்கப்புறம்?

அன்றைக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் மறுபடியும் ஒரு முடிவு.

"வேலம்மா, இந்த நாற்காலி வேணாம்."

"ஐயோ, தேக்குங்க!"

"தேக்காவது பாக்காவது! சோதனை போட ஒண்ணுமே இல்லாத நாற்காலியா இருக்கணும். மெத்தை கூடாது. பொட்டி கூடாது. பக்கத்துல கட்டை கூடாது. முதுகுக்கு ஒரு சாண் போதும்."

"ராணி மாதிரி இருக்க வேணாமா?"

"ராணியும் வேணாம், கோணியும் வேணாம். வெறும் குழாயும் சக்கரமும் போதும். அவளே உருட்டிக்கிட்டு கேட்டைத் தாண்டணும்."

"விழுந்துருவாளேங்க?" வேலம்மா கவலையோடு கன்னத்தில் கை வைத்தாள்.

"விழட்டும்டி!" என்று கத்திவிட்டார் மண்டோர். கத்தின பிறகு அவருக்கே ஆச்சரியம். யார் சொன்னது இது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சரிங்க. உங்க இஷ்டம்" என்றாள் வேலம்மா.

மறுநாள் அவர் நேராகத் தோட்டத்து ஆலைக்குப் போனார். அங்கே இயந்திரங்களைப் பழுது பார்க்கிற அர்ஜுனனைக் கூப்பிட்டு, தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். தானே ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்ததாக ஒரு தோரணை.

"அர்ஜுனா, நல்லாக் கேட்டுக்க. மூளை வேணும் இதுக்கெல்லாம். குழாயோட முனை ரெண்டும் திறந்தே இருக்கணும். தங்கராஜு ஒரு பக்கம் கண்ணை வச்சா மறுபக்கம் ஆகாசம் தெரியணும்."

"தெரியும்ணே."

"இடுப்புக்கு அளவாப் பிடிச்சு நிக்கணும்."

"நிக்கும்ணே. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

"எதை எடுத்துட்டு வார?"

அர்ஜுனன் உள்ளே போய்ச் சாக்கை விலக்கி ஒன்றை உருட்டி வந்தான். ஆலையில் கழித்துப் போட்ட மெல்லிய குழாய். லோரித் தார்ப்பாயில் ஆசனம். இரண்டு பெரிய சக்கரமும் கீழ்ப்பக்கம் அகன்று, பிறந்த கன்றுக்குட்டி காலை அகட்டி நிற்கிற மாதிரி நின்றன. பச்சைச் சாயம் காய்ந்து பளபளத்தது.

"வேலம்மாக்கா அளவு குடுத்து மூணு வாரம் ஆச்சுண்ணே. சக்கரம் நேரா இருந்தா திரும்பும்போது சாயுது. அதான் சாச்சு வச்சேன். அதுவும் அக்கா சொன்னதுதான். நீங்க வந்து கேக்குற வரைக்கும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

மண்டோர் சக்கரத்தைத் தடவினார். பழகின சக்கரமாக இருந்தது. அவருடைய சைக்கிள் மூன்று வாரமாக இந்த ஆலையில்தான் பஞ்சராகக் கிடந்தது. ஒட்டுப்போட ரப்பர் வரவில்லை என்று அர்ஜுனன் சொல்லியிருந்தான். ஆயிரம் ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்போட ரப்பர் இல்லை என்று ஒருவன் சொல்ல, அதை ஒரு மண்டோர் நம்பி, தினம் மூன்று மைல் நடந்தே ரப்பர்க் காட்டை மேற்பார்வை செய்திருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜுவின் சோதனை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற நேரம்தான். நவமணி தானே உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். யாரும் தள்ளவில்லை. திடலில் முன்னே பாய்ந்தாள், பின்னே வந்தாள், பம்பரம் மாதிரி திரும்பினாள். ஒரு தடவை எட்டி அடிக்கப்போய் நாற்காலியோடு மண்ணில் சாய்ந்தாள். மண்டோர் ஓட எழுந்தார், ஓட முடியவில்லை. அவர் வேட்டி முனை வேலம்மாவின் காலுக்கடியில் இருந்தது.

"ஏ புள்ள, காலை எடு!"

"எடுக்குறேன். அவ எந்திரிச்சுக்கட்டும்."

நவமணி கையை ஊன்றினாள். சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு இழுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை மண்ணைத் தட்டிவிட்டு, "போடுங்கண்ணே, அடுத்த பந்து" என்றாள். வேலம்மா காலை எடுத்தாள். மண்டோர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் செம்மண் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார். அன்று காற்றே இல்லை.

மறுநாள் ஆபீசு சுவரில் போட்டிக்காரர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அந்தப் போட்டி வீட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற இரட்டையர் போட்டி. மண்டோர் மீசையை முறுக்கிக்கொண்டு போய்ப் படித்தார்.

'ஐந்தாவது ஜோடி: நவமணி, சன்னாசி மண்டோர்.'

"வேலம்மா! எனக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாதுடி!"

"உங்களுக்குத் தெரியாதது உண்டா? நான்தான் பேர் குடுத்தேன். பிள்ளை பக்கத்துலயே இருந்து பாத்துக்கலாமுல்ல?"

தீபாவளி வந்தது. எதிரே, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு அண்ணனும் தம்பியும். சுற்றிலும் நாற்பது பால்வெட்டுக்காரர்கள், முதல் ஆளாய் வேலம்மா. மண்டோர் இரவல் காற்சட்டையில் இறங்கினார். முதல் பந்து வலையில் போனது. இரண்டாவது அவர் மூக்கில் விழுந்தது. மூன்றாவதை எட்டப்போய் அவர் செம்மண்ணில் நீளமாக விழுந்தார், நாலாவதில் குறுக்காக.

நவமணி சக்கரத்தைத் திருப்பி அவர் பக்கம் வந்தாள். குனிந்து, அவர் மீசையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்:

"அப்பா, நீங்க அந்த மூலையில நின்னுக்குங்க. பந்து வந்தா, தலையை மட்டும் குனிஞ்சுக்குங்க. போதும்."