தோர் உத்தரத்துக்கு ஒரு தூண்

பிஷ்கெக்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி தொல்குன்பெக் அவர்களுக்கு,

இஷெனாலி பணிவுடன் எழுதுவது. உங்கள் வீட்டு உயிர்களும் தொழுவத்து உயிர்களும் நலமா? சம்பந்தியம்மா பூபுசாராவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சினைக் குதிரை ஈன்றுவிட்டதா? மருமகன் எர்மெக்கும் எங்கள் பெகிமாயும் சண்டையில்லாமல் இருக்கிறார்களா? இங்கே நானும் மனைவி ஜிபாரும் நலம். எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்.

வரிசையாக எழுதாவிட்டால் நான் குழம்பிவிடுவேன். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. நீங்கள் கேட்ட மன்னிப்பு இந்தக் கடிதத்தில் இல்லை.
2. உங்கள் விருந்து அரங்கின் உத்தரங்களில் நான் ஒட்டிய கண்ணாடி நூல் யார் பேச்சையும் ஒட்டுக் கேட்காது.
3. கல்யாண விருந்தின் நடுவே வெண்தாடிப் பெரியவர்களை, வாசலுக்கு எதிரே அவர்களுக்குரிய மரியாதை இடமான தோரிலிருந்து எழுப்பி வாசல் பக்கம் உட்காரவைத்தது சரியே.
4. எல்லாம் அடுப்புச் சூடு என்று சம்பந்தியம்மா சொல்வது சரியல்ல.
5. தூண் வைக்க வேண்டியது தோருக்குக் கீழே உள்ள உத்தரத்துக்கு. வேறெங்கும் வேண்டாம்.
6. இடுப்பெலும்பு விஷயம். (இது வேண்டாம் என்கிறாள் ஜிபார். யோசிக்கிறேன்.)

முதலாவது. திங்கட்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "சம்மந்தி, சனிக்கிழமை கால்நடை டாக்டரோட அறுபதாம் பொறந்தநாள் நம்ம அரங்குலதான். அதே பெரியவங்கதான் வராங்க. தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுடுங்கன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, விருந்துக்கு முன்னாடி வாசிச்சு முடிச்சுடலாம். அந்த நூலை நாங்களே பிச்சுக்கறோம்." நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தாலும் எடுப்பதில்லை. சரி, கேட்ட கடிதம் இதோ, உங்கள் ஊர் கொச்கோருக்குப் போகும் வாடகைக் கார்க்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் நான் தெரியாமல் எதுவும் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நினைக்கிறேன். இல்லை, "நினைக்கிறேன்" என்பதை அடித்துவிடுகிறேன்: மாட்டேன். சனிக்கிழமை அந்த அரங்கில் தூண் இல்லாமல் விருந்து நடந்தால் அத்தனை பேரும் கீழே உள்ள அடுப்படிக்குள் வந்து விழுவார்கள். இதை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். அது வயதால், பயத்தால் அல்ல. கொஞ்சம் பயத்தாலும்தான்.

இரண்டாவது. நீங்கள் மாடியில் அரங்கு கட்டியதும், பழைய கம்பளித் தொழிற்சாலையை இடித்தபோது கிடைத்த மூன்று இரும்பு உத்தரங்களை மலிவாக வாங்கிப் போட்டதும், அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னதும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த மூன்றின் மேல்தான் என் மகளுடைய கல்யாணம் நடக்க இருந்தது. அதனால்தான் முன்னாள் மாணவர் ஒருவரிடம், நூலுக்குள் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். அந்த நூல் குதிரைவால் முடியைவிட மெல்லிய கண்ணாடி. அதற்குள் நான்கு இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கமான கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளின் இடைவெளிக்குப் பொருந்துகிற ஒரே ஒரு நிறத்தை மட்டும் அவை திருப்பி அனுப்பும், மற்ற நிறங்களையெல்லாம் போகவிடும். மலையிலிருந்து பல வீட்டு ஆடுகள் ஒரே வாயில் வழியாக இறங்கும்போது தன் காதுக்குறி உள்ள ஆட்டை மட்டும் திருப்பிவிடுகிற இடையனைப் போல. நூல் இழுபட்டால் கோடுகளின் இடைவெளி விரியும், திரும்பி வரும் நிறம் சிவப்பின் பக்கம் கொஞ்சம் நகரும். நகர்ந்த அளவைப் பார்த்தால் உத்தரம் எவ்வளவு வளைந்தது என்று தெரியும். அவ்வளவுதான். உங்கள் கைப்பேசிக்கு வரும் படங்களையும் சண்டைகளையும் ஒரே கண்ணாடிக் கம்பியில் தனித்தனி நிறமாகப் பிரித்து அனுப்புவதும் இதே கோடுகள்தான். அவற்றையும் நீங்கள் ஒட்டுக் கேட்கும் கருவி என்று பிய்த்துப் போடுவதில்லையே? நான் ஏணியிலிருந்து இறங்கும்போதே சம்பந்தியம்மா கேட்டார்கள்: "எங்க வீட்டுப் பேச்செல்லாம் பிஷ்கெக்குல உக்காந்து கேப்பீங்களா சம்மந்தி?" நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதைத்தான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. சம்பந்தியம்மா, நீங்கள் பேசுவது கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை. (இந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறாள் ஜிபார். எடுக்கப்போவதில்லை.)

விருந்து நடத்த வந்த ரிஸ்பெக் ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிச் சொன்னானே, "நம்ம பொண்ணோட அப்பா கண்ணாடிக் கல்லுக்குள்ள புஸ்தகம் வெக்கிற ஆளு, ஆனா அவரு வீட்டுல புஸ்தக அலமாரியே இல்ல" என்று, அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சர்க்கரைக் கட்டி அளவுள்ள பளிங்கில் பக்கம் பக்கமாக ஒளியால் எழுதினோம். ஒன்றன் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில். சரியான கோணத்தில் ஒளி பட்டால் அந்தப் பக்கம் மட்டும் எழுந்து நிற்கும், மற்றவை வாய் திறக்காது. அந்த வேலையை மூடியவர்கள் நாங்கள் அல்ல. மாவு வாங்கப் பணமில்லாத வருடங்கள் மூடின. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வருடங்கள் நினைவிருக்கும். அலமாரி இருக்கிறது, அடுப்படியில்.

நான்காவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றாவதை நினைத்தால் மூச்சு வாங்குகிறது. சூடு பட்டாலும் அந்தக் கோடுகளின் நிறம் நகரும். உண்மை. சம்பந்தியம்மா நடு அரங்கில் நின்று கேட்டதும் அதுதான்: "கீழ ரெண்டு அண்டா குதிரைக்கறி கொதிக்குது. இரும்பு சூடேறாம என்ன செய்யும்? இதக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி வேற!" கேள்வி நல்ல கேள்வி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைக் கேட்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் இதற்காகத்தான் மூன்று உத்தரங்களுக்கும் ஒவ்வொன்று ஒட்டிய பிறகு நான்காவதை எதிலும் ஒட்டாமல் ஒரு குழாய்க்குள் சும்மா தொங்கவிட்டேன். அது இழுபடாது, சூட்டை மட்டும் சொல்லும். அதைக் கழித்துவிட்டால் மீதி வளைவு. கழித்தேன். இரண்டு தடவை கழித்தேன், முதல் தடவை கழித்தது சரியா என்று சந்தேகம் வந்ததால். மீதி இருந்தது.

இனி மூன்றாவது. தேநீர் முடிந்து கறித்தட்டுகள் வரத் தொடங்கியபோது நான் மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு திரையில் மூன்று உத்தரங்களின் நிறங்களைக் காட்டும் முனைகள் ஒருமுறை நகர்ந்து நிற்க வேண்டும். இரண்டு நின்றன. முதலாவது நிற்கவில்லை. யாரும் எழவில்லை, யாரும் ஆடவில்லை, ஆனாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருந்தது. சுமை கூடாமல் வளைவு மட்டும் கூடினால் அந்த இரும்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலாவது என்றால் தோர். வாசலுக்கு நேர் எதிரே, உங்கள் ஊரின் மூத்த வெண்தாடிகள் பன்னிரண்டு பேரும், ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்த அப்திகானி ஐயாவும், அவருக்கு மட்டும் மூன்று மெத்தையும். ரிஸ்பெக்கிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மாமா, புளிச்ச குதிரைப்பால் தலைக்கேறிடுச்சோ?" என்றான். பிறகு பெண்ணின் தகப்பன் வாழ்த்துச் சொல்வான் என்று என் கையில் ஒலிவாங்கியைத் திணித்தான். நான் வாழ்த்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு: "பெரியவங்களே, மெதுவா எழுந்து வாசல் பக்கம் போய் உக்காருங்க."

அப்திகானி ஐயா தாடியைத் தடவிக்கொண்டார். "ஏம்ப்பா, பொண்ணக் குடுத்த கையோட எங்கள செருப்பு கெடக்கற பக்கம் வெரட்டுறியா? பொறந்தது முதலா நான் தோருக்கு ஏறித்தான் பழக்கம், எறங்கிப் பழக்கமில்ல. என்னை எடுக்கணும்னா தூக்கித்தான் எடுக்கணும்." நான் சொன்னேன், "ஐயா, நீங்க இருக்கற கனத்துக்குத்தான் சொல்றேன்." இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இயற்பியலில் தவறில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் வரிசைப்படுத்த முடியவில்லை. நீங்கள் "சம்மந்தி, உக்காருங்க, மானம் போகுது" என்றீர்கள், சம்பந்தியம்மா அண்டாக் கதையைச் சொன்னார்கள், ரிஸ்பெக் பாடகனுக்குக் கைகாட்டினான், என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது யாரோ ஒருவர், "பெரியவங்க நகரலைன்னா எம் பொண்ணக் கூட்டிக்கிட்டு இப்பவே ஊருக்குப் போயிடுவேன்" என்றார். அந்தக் குரல் என்னுடையது. இதுவரை நான் ஒரு கடைக்காரரிடம்கூட மீதிச் சில்லறையைத் திருப்பிக் கேட்டவன் அல்ல. பெகிமாய் முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை. சிரித்தாளோ என்றுகூடச் சந்தேகம். பெரியவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராக, முனகிக்கொண்டே, மெத்தையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். நான் அதைச் செய்தேன். நாளைக்கும் செய்வேன்.

அவர்கள் போய் உட்கார்ந்த பிறகு முனை நின்றதா என்று பார்க்க எனக்கு ஒரு நிமிடம் வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ரிஸ்பெக் என் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கிப் பாடகனின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டான். ஆகவே பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. யாரும் விழவில்லை என்பதே சான்று.

ஐந்தாவது, சுருக்கமாக: வெள்ளிக்கிழமைக்குள் தோர் உத்தரத்தின் நடுவில், கீழே அடுப்படியிலிருந்து, தடித்த இரும்புத் தூண் ஒன்றை நிறுத்துங்கள். அண்டாவை நகர்த்த வேண்டியிருக்கும். நகர்த்துங்கள். மற்ற இரண்டு உத்தரங்களுக்கும் ஒரு ஆணிகூட வேண்டாம். பெரியவர்களை இந்த முறையும் வாசல் பக்கமே உட்காரவையுங்கள். திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். நூலைப் பிய்த்தால் நான் சனிக்கிழமை நேரில் வந்து அரங்கின் படிக்கட்டில் குறுக்கே படுத்துக்கொள்வேன். நான் ஒல்லிதான், தாண்டிப் போகலாம். ஆனால் பெண் கொடுத்தவனைத் தாண்டிப் போக யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

ஆறாவதையும் எழுதிவிடுகிறேன். சம்பந்தி என்ற முறையில் என் தட்டில் வைத்த இடுப்பெலும்பை, அந்தக் கலவரத்துக்குப் பிறகு யாரோ எடுத்துக்கொண்டுபோய் அதற்குப் பதில் கொழுப்பில்லாத ஒரு விலா எலும்பை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக எந்தச் சம்பந்திக்கும் இது நடந்ததில்லை. நான் அதைச் சாப்பிட்டேன். பசித்தது. ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்கிறாள் ஜிபார். உங்கள் கூடாரத்தின் உச்சி வளையம் உயரமாகவும் உங்கள் மாடியின் உத்தரங்கள் நேராகவும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் வாழும் எங்கள் பெண்ணுக்கும் உங்கள் பையனுக்கும் குறைவில்லாத நாட்கள் அமையட்டும்.

இப்படிக்கு,
வணங்குகிற, ஆனால் பணியாத,
இஷெனாலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஜிபாருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதில் நிறுத்தினாள். "முதலாவதுன்னா எப்படிங்க தோர்?" என்றாள். நான் சொன்னேன், எதையும் தோரிலிருந்துதானே தொடங்குவோம், தேநீரோ கறியோ நூலோ, முதல் கோடுகள் தோருக்குத்தான். அவள் பசைக் குப்பியைப் பிடித்துக்கொண்டு ஏணியடியில் நின்றவள். "அன்னைக்கித் தோருக்கு நேர் கீழ சம்மந்தியம்மா மாவு பெசஞ்சிட்டு இருந்தாங்க. ஏணி வைக்க எடம் குடுங்கன்னு கேக்க உங்களுக்கு வாய் வரல. முதல்ல வாசல் பக்கம் முடிச்சிடலாம்னு சொன்னீங்க. அங்கேருந்துதான் ஒட்டினோம். மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன். பல வருடப் பழக்கத்தில் முதலாவது என்றாலே தோர் என்று திரையில் வாசித்துவிட்டேன். கைவிட்டுக்கொண்டிருந்தது வாசல் உத்தரம். அதன் மேல் என்ன இருந்தது என்று ஜிபாரே சொன்னாள். "நாம கொண்டு போன சீர்தான். பெட்டிங்க, கம்பளம், தையல் மெஷின், ரெண்டு ஆள் உயரத்துக்கு மெத்தை. சீர் லேசா இருக்குன்னு சொன்னாங்களே, இப்ப அந்த இரும்பக் கேக்கச் சொல்லுங்க." அந்தச் சீர் போதாதென்று அதே உத்தரத்தின் மேல், அப்திகானி ஐயாவையும் சேர்த்துப் பதின்மூன்று பெரியவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான். விருந்து முடியும்வரை. பாட்டுக்கு அவர்கள் காலால் தாளம் போட்டார்கள்.

ஆகவே சம்பந்தி, தூணை வாசல் உத்தரத்துக்கு நிறுத்துங்கள். அண்டா இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். பெரியவர்களைத் தோருக்கே ஏற்றுங்கள், அவர்கள் சொன்னதுதான் சரி. சீரை இன்றே கீழே இறக்குங்கள். நூலைப் பிய்க்காதீர்கள். ஒரு உத்தரம் வளைகிறது என்று நான் சொன்னது பொய்யில்லை, அதை இன்னும் சொல்கிறேன், படிக்கட்டில் படுக்கவும் தயார். எது என்பதில்தான் பிசகு. ஐந்தாவது குறிப்பு தவறு.